உலகநாதைட்

எனக்குப் பூண்டு ரசம் ஆகாது. சாந்தா அதை வைக்கிற நாளில் மோர்ச்சாதத்தோடு எழுந்துவிடுவேன். பதினெட்டு வருஷம் தாதுப்பொடியைக் கரித்துண்டில் வைத்து, ஊதுகுழலால் சுட்டு மோப்பம் பிடித்தவனுக்கு அந்த வாசனை சாப்பாட்டை நினைவூட்டாது. ஆர்சனிக் சூடேறினால் பூண்டுபோல மணக்கும். விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது பயன்படலாம்.

ஜீடிமெட்லாவைத் தாண்டியிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியூர்ச் சுரங்கங்களிலிருந்து தங்கத் தாது வரும், அதோடு ஆர்சனிக்கும் கலந்து வரும். அரைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பின்புறப் பள்ளத்தில் கொட்டுவோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு. பதினான்கு வீடுகள், ஒரு கிணறு.

1974 மார்ச்சில் அந்தக் கிணற்றின் உள்சுவரில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைக் கண்டேன். படியிறங்கிச் சுரண்டினேன். பட்டுபோல மினுங்கும் ஊசிகள், தலைமுடியைவிட மெல்லியவை. நகம் பட்டால் பொடியாகும், தண்ணீரில் மெல்லக் கரையும். கரியில் வைத்துச் சுட்டால் பூண்டு மணம். கால்சியம் ஆர்சனேட் வகை, ஆனால் எந்தப் புத்தகத்திலிருந்த அளவோடும் பொருந்தவில்லை.

புதுக் கனிமத்துக்குக் கண்டுபிடித்தவனே தன் பெயரை வைப்பது மரபில்லை. ஆகவே வேறு யாரையாவது பிடித்து வைக்கச் சொல்லலாமென்று அடக்கத்தோடு இருந்தேன். என் பெயரோடு ஒரு 'ஐட்' சேர்த்து, உலகநாதைட். மூன்று பதவி உயர்வுகளைக் கோட்டைவிட்ட நாற்பத்தாறு வயதுக்காரன், வழுக்கைத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதைச் சொல்லிப் பார்ப்பேன். சாந்தா கதவைத் தட்டி, "உள்ளே யாரோட பேசறீங்க?" என்பாள்.

அந்த ஊசிகள் வளர ஒரு நிபந்தனை இருந்தது. பெண்கள் காலையில் நீர் இறைக்க இறைக்க மட்டம் இறங்கும், ஈரச்சுவர் காயும், காய்ந்த இடத்தில் பூக்கும். சங்கராந்திக்குப் பாதிக் குடியிருப்பு ஊருக்குப் போனபோது நீர் ஏறி எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

கனகவல்லி எனக்கு உதவினாள். அரவை ஷெட்டில் வேலை பார்த்த பெருமாளின் மனைவி. சுவரில் குடம் இடிக்காமல் இறைப்பாள், மற்றவர்களையும் அதட்டுவாள்: "ஏய், பார்த்து! சாரோட பூ இருக்கு." எனக்குத் தம்ளரில் தண்ணீர் நீட்டுவாள்.

"நக்கோ அம்மா, வேண்டாம், வீட்டுக் கூஜா இருக்கு" என்பேன்.

ஒருநாள் கேட்டாள். "இந்தத் தண்ணி நல்லதுதானே சார்? எங்க வீட்டுக்காரருக்கு உள்ளங்கையெல்லாம் காய்ச்சுப்போச்சு. மாரெல்லாம் மழைத்துளி விழுந்தாப்ல புள்ளி."

"வேலை செய்யற கை காய்க்காம என்னம்மா செய்யும்?"

"ஹவ் சார், ஆமா. ஆனா என் கையும் காய்ச்சிருக்கே. நான் எந்த ஷெட்ல வேலை பார்க்கறேன்?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று எனக்கு ஆபீசில் பெயர் உண்டு.

டிஸ்பென்சரி டாக்டருக்குச் சந்தேகம் வந்து, கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லி எழுதினார். பாட்டில் என் மேஜைக்குத்தான் வந்தது. சோதித்தேன். அளவு எவ்வளவு என்று இன்றும் தசம ஸ்தானத்தோடு சொல்வேன். அறிக்கையில் 'ஆர்சனிக் இல்லை, குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதே மாதம் குடியிருப்புக்குக் குழாய் போடும் கோப்பு என் கருத்துக்கு வந்தது. குழாய் வந்தால் யார் இறைப்பார்கள்? 'கிணறே போதுமானது' என்று எழுதினேன்.

ஆறு மாதம்தான் ஆகும் என்று நினைத்தேன். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே படத்துக்கு இன்னும் நீளமான ஊசி வேண்டியிருந்தது. அது இரண்டு வருஷமாயிற்று. அதற்குள் பெருமாள் போனான். பிறகு அடுத்த வீட்டு அய்யாக்கண்ணு, பிறகு மூன்று பேர். ஐந்து சாவுக்கும் மாலையோடு போனேன். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் வெளிநாட்டு நிபுணர் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. இயற்கையில் தானாக விளைந்தால்தான் கனிமமாம். மனிதன் கொட்டிய கழிவிலிருந்து உண்டானதற்குப் பெயர் வைக்க முடியாதாம். இத்தனை வருஷம் குப்பைக்குப் பெயர் தேடியிருக்கிறேன். படித்த முட்டாள் என்பதற்கு என்னைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

நேற்று ஆஸ்பத்திரியில் கனகவல்லியைப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. "கிணத்தை மூடறாங்களாமே சார், உங்க பூ என்னாகும்?" என்றாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அந்தத் தண்ணீரில் விஷம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே குடிக்கவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஒன்றுமட்டும் கேட்கிறேன். மட்டம் இறங்கும்போது கிணற்றின் அடிப்பாறையில் பூப்பது கழிவால் வந்ததில்லை, இயற்கையானது என்று எனக்குத் தோன்றுகிறது. கிணற்றை மூடுவதை ஒரு மாதம் தள்ளிவைத்து, அந்தப் பெண்களைத் தினமும் காலையில் இறைக்கச் சொல்லுங்கள். குடிக்கக்கூட வேண்டாம், இறைத்தால் போதும்.