கம்ப்யூட்டர் போட்ட நைட் டூட்டி

தோழர்களே, ஒரு சங்கதி சொல்றேன், சின்னதுதான்... சொல்லிட்டு உங்க விஷயத்துக்கே வந்துடறேன்.

வருஷம் எண்பத்தொம்பது. நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்க முதல் முதலா கம்ப்யூட்டர் வந்து எறங்குது. சந்தனம், குங்குமம், மாலை... தனியா ஏசி ரூம் வேற! நோயாளிக்கு ஏசி இல்ல, அதுக்கு ஏசி! எதுக்கு வாங்கினாங்க? எந்த நர்சுக்கு எந்த ஷிப்ட்டுன்னு அதுவே போட்டுக் குடுத்துடுமாம்.

அங்க கிரேஸ் புஷ்பம்னு ஒரு நர்ஸ். வீட்டுக்காரர் துபாய்ல. வீட்ல இளைப்பு வர்ற சின்னப் புள்ள. கூட வேலை பாக்குற ஒரு மாசமா இருக்கிற பொண்ணை நைட் டூட்டிக்குப் போடாதீங்கன்னு மீட்டிங்ல எழுந்து கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. அடுத்த மாசம் சார்ட் ஒட்டுறாங்க. கிரேஸுக்கு நைட். அதுக்கடுத்த மாசம்? நைட். அதுக்கும் அடுத்த மாசம்? ... பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க!

மேனேஜர் தாணுலிங்கத்துகிட்ட போனாங்க. "நான் என்னம்மா செய்யட்டும்? கம்ப்யூட்டர் போட்டது. இவ வேண்டியவ, அவ வேண்டாதவன்னு அதுக்குத் தெரியுமா?"

நம்பிட்டாங்க! வீட்டுக்குப் போய் அழுதாங்க. மெஷின்கிட்ட யாரு போய்ச் சண்டை போடுறது?

ஆனா மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு... மேனேஜரோட மச்சினியும் அங்க நர்சுதான். அவங்களுக்கு மட்டும் எப்பவும் பகல். எப்படி? கம்ப்யூட்டருக்கு உறவுமுறை தெரியுமோ?

நேரா கம்ப்யூட்டர்ல உக்கார்ற பொண்ணு ஷீபாகிட்ட போய்க் கேட்டாங்க. அந்தப் பொண்ணு முழிக்குது. "அதுவா ஒண்ணும் போடாதுக்கா. யாருக்கு எந்த ஷிப்ட் ஆகாதுன்னு முதல்ல கேக்கும். சார் சொல்றத அடிப்பேன். உங்களுக்குப் பகல் ஆகாதுன்னு அடிக்கச் சொன்னாங்க... நீங்களா கேட்டு வாங்கினதுன்னாங்களே அக்கா!"

மறுநாள் நர்சுங்க எல்லாரும் அந்த ஏசி ரூம் வாசல்ல. மேனேஜர் ஓடி வர்றார். "கூட்டம் போடாதீங்க, மெஷின் கெட்டுப்போகும்! செருப்போட வராதீங்க!" கழட்டிட்டாங்க. வெறுங்காலோட உள்ள போய் நின்னாங்க. "சார், யாருக்கும் எந்த ஷிப்ட்டும் ஆகாதுன்னு சொல்லாம, எங்க முன்னால ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்க."

ஷீபா அடிச்சா. சார்ட் வந்துச்சு. கிரேஸுக்குப் பகல்... மச்சினிக்கு நைட்!

சும்மா விடுவாரா? ஷீபாவை வேலைய விட்டு நிறுத்தினார். இவங்க விட்டாங்களா? டூட்டி முடிஞ்ச ஒருத்தி கூட வீட்டுக்குப் போகல. எல்லாரும் வாசல்லயே உக்காந்துட்டாங்க. டாக்டருங்க வந்து பேச வேண்டியதாப் போச்சு. ஷீபா திரும்ப உள்ள போனா. அதுக்கப்புறம் நைட் எல்லாருக்கும் முறை வச்சு வந்துச்சு.

இப்ப சொல்லுங்க, சாப்பாட்டுப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் ஓடுற தோழர்களே... சங்கத்துல சேர்ந்த வாரமே நம்ம ஷாகுலுக்கு ஆர்டர் வரல. ஆபீஸ்ல இருக்கிறவன் என்ன சொன்னான்? "சிஸ்டம் பண்ணுது அண்ணே." சந்தேகப்படுங்க! சந்தேகப்படுறது பாவமில்ல. மெஷினுக்கு யார் மேலயும் வன்மம் கிடையாது. அதுகிட்ட பேசினவனுக்கு இருக்கும்ல? சிஸ்டம் சொல்லுச்சுன்னா, சிஸ்டத்துக்குச் சொன்னது யாருன்னு கேளுங்க. தனியாப் போய்க் கேக்காதீங்க... எல்லாரும் போய்க் கேளுங்க!