எழுதினால் பிடிக்கும்

இன்ஸ்பெக்டர் ஐயா, முதலில் கையெழுத்துக்கு மன்னிக்கவும். நாற்பத்தேழு வயதில் கற்றது. 'ழ' இன்னும் நொண்டுகிறது.

எங்கள் பட்டறையில் தகடு வளைக்கும் பிரஸ் உண்டு. மேலே போய்ப் பன்னிரண்டு நொடி நின்றுவிட்டு இறங்கும். அந்தப் பன்னிரண்டு சில நாள் தானாகவே ஐந்தாகிவிடுகிறது என்று மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தானாக ஆகவில்லை. எழுத்துக்கூட்டிப் பழக எனக்குக் கிடைத்த புத்தகம் அந்தப் பிரஸ்ஸின் பொத்தான் பலகைதான். 'மாற்று' என்று படித்தேன். படித்ததைச் செய்து பார்த்தேன்.

நான் படிப்பது யாருக்கும் தெரியாது. சொல்லத்தான் நினைத்தேன். மச்சான் விடவில்லை. என் மனைவியின் அண்ணன், அங்கே மேஸ்திரி. வருகைப் பதிவேட்டை நீட்டும்போதெல்லாம், "வாங்க கைநாட்டு மாப்ளே, கட்டைவிரல் சுத்தமா இருக்கா?" என்பார். பத்தொன்பது வருடமாக ஒரே ஜோக். நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

பிழை பிடிக்க ஓர் இன்ஜினியர் அம்மா லேப்டாப்போடு வந்தார்.

"அண்ணே, அந்த நம்பர் இருக்கற இடத்துக்கு சிப்லயே ஒரு காவல் போட்டிருக்கேன். யார் அங்க வேற நம்பர் எழுதினாலும் பிரஸ்ஸ ஓட்டற புரோகிராம் அப்படியே நின்னுடும்."

"எழுத விடாம தடுக்குமாம்மா?"

"தடுக்காது. எழுதி முடிச்ச பிறகுதான் பிடிக்கும்."

"நம்ம போலீஸ் மாதிரின்னு சொல்லுங்க," என்று மச்சான் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மன்னிக்கவும், அவர் சொன்னது.

அம்மா என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். "இதை பிரஸ்ல மாட்டிடுங்கண்ணே. கைய நீட்டினா பிரஸ் நிக்குதுல்ல, அந்தக் கையப் பாக்கறதே புரோகிராம்தான். அது நின்னுட்டா பாக்க ஆளில்ல. பிரஸ் பாட்டுக்கு இறங்கும்."

அட்டையிலும் அதுதான் இருந்தது: 'சோதனை நடக்கிறது. கை வைக்காதே.' ஓர் எழுத்துகூடத் தடுக்காமல் படித்தேன். மாட்டினேன், எழுத்து சுவரைப் பார்க்கும்படி.

பிரஸ் இறங்கும்போதே கையை நீட்டி நிறுத்துவது மச்சானின் பழக்கம். மதியம் நீட்டினார். நான் பொத்தான் பலகையில் ஐந்து என்று எழுதினேன்.

அருமையான காவல் ஐயா. அந்த நொடியே புரோகிராம் நின்றுவிட்டது. பிரஸ் நிற்கவில்லை.

லேப்டாப் திரை 'பொத்தான் பலகை' என்று மட்டும் காட்டியது. எந்த விரல் என்று காட்டவில்லை. படிப்பறிவில்லாதவன் அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டான், துடைக்கும்போது பொத்தானில் கை பட்டிருக்கும் என்று எழுதி என்னை விட்டுவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மச்சானுடைய வாக்குமூலத்துக்குக் கையெழுத்து கேட்டீர்கள். போட வலக்கை இல்லை. இடது கட்டைவிரலைத் துடைத்து, மையில் தொட்டு, நான்தான் வைத்துவிட்டேன். உறவென்றால் உதவத்தானே.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. குறை ஒன்றே ஒன்று. அறிக்கையில் 'படிப்பறிவில்லாதவன்' என்று இருப்பதை அடித்துத் திருத்திவிடுங்கள்.

எழுதி முடித்துவிட்டேன், இனி நீங்கள் பிடிக்கலாம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மை டப்பா வேண்டாம்.