ஒத்தை நட்சத்திரம்

– அசையாம நில்லு. தோள்ல ஒரு விரக்கடை அதிகமா நிக்குது.

– அம்மா, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?

– விழுது, விழுது. நாளைக்கு மேடை ஏறப்போறவ. கோட்டு தொளதொளன்னு தொங்கினா உன்னைப் பேச மாட்டாங்க, தச்சவளைத்தான் பேசுவாங்க. முதுகை நிமிர்த்து.

– அந்த டேப்லெட்ல ஏஐ வராது. மேடைல நான் அதைத்தான் சொல்லப்போறேன்.

– எந்த டேப்லெட்ல?

– எந்த டேப்லெட்டா? நம்ம வீட்டையும் சேத்து இந்தத் தெருவுல பன்னெண்டு வீட்டுக்குக் குடுத்து, ரெண்டு மாசம் பழகிப் பாக்கச் சொன்னோமே, அதுல. நாளைக்கு விக்க வருதே, அதுல.

– திரும்பாத, ஊசி குத்திடும். ஏஐன்னா நீ வெளியூர்ல தங்கி ரெண்டு வருஷமா ரூம் லைட்டை அணைக்காம பண்ணியே, அதுவா?

– அதேதான்.

– எடுத்துட்டாங்களா? எவன் எடுத்தான்? உன் மேலதிகாரிக்குப் போனைப் போடு, நான் பேசறேன்.

– எவனும் எடுக்கல. நான்தான் எடுக்கச் சொன்னேன்.

– ம்ம்.

– என்ன ம்ம்?

– ம்ம்ம்.

– வாயில இருக்கற குண்டூசியை எடுத்துட்டுப் பேசும்மா.

– சொல்றேன் கேளு. நாளைக்கு இந்தக் கடை பூரா நாற்காலி போடறேன். துணி வெட்டற மேசையைக்கூட வாசலுக்குத் தள்ளப்போறேன். தெருவே வந்து டிவி முன்னாடி உக்காரப்போகுது. மருந்துக்கடைக்காரர், லாண்டரிக்காரர், அந்தப் பல் டாக்டர் முதற்கொண்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், 'பொட்டிக்குள்ள மூளை வச்சது என் பொண்ணு'ன்னு. இப்ப நீ மேடைல ஏறி 'மூளை இல்ல'ன்னு சொல்லுவியா?

– சொல்லுவேன். 'வச்சவளும் நான்தான், எடுத்தவளும் நான்தான்'னு சொல்லுவேன்.

– நல்லா இருக்குடி நியாயம். தச்ச சட்டையைப் பிரிச்சுக் காட்டிட்டு கைதட்டச் சொல்றியா?

– அது விலை கம்மியான டேப்லெட்மா. பசங்க பாடம் பாக்கணும், தூரத்துல இருக்கறவங்க முகம் பாத்துப் பேசணும். அவ்வளவுதான். உள்ள இடம் கொஞ்சூண்டு. நான் பண்ணது அதுக்குள்ள போய் உக்காந்தா மத்ததெல்லாம் வாசல்ல நிக்குது. பாடத்தைத் தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு.

– விலை கூடினதுல?

– அதுல இருக்கு. ஜம்முனு ஓடுது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

– அதெப்படி? காசு இருக்கறவன் பிள்ளைக்கு மூளை வச்ச பொட்டி, இல்லாதவன் பிள்ளைக்கு மொட்டைப் பொட்டியா?

– மேலதிகாரியும் இதைத்தான் கேட்டார். ஒரு வார்த்தை மாறல.

– பாத்தியா, நல்ல மனுஷன்.

– அவர் கேட்டது பிள்ளைக்காக இல்லம்மா. அட்டைப்பெட்டி மேல 'ஏஐ'ன்னு போட்டா நிறைய விக்கும், அதுக்கு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதல்ல பாடம் திறக்கட்டும்னு சொன்னேன்.

– கையை மடக்கு. இழுக்குதா?

– இல்ல.

– சரி, அவரை விடு. நம்ம தெருக்காரங்க என்ன சொன்னாங்க? எல்லாரும் வேணும்னுதானே சொன்னாங்க?

– அதுதான் எனக்குப் பிடிபடல. ஏஐ சோதனைக்கு இந்தத் தெருவை நான்தான் கேட்டு வாங்கினேன். நம்ம ஜனங்க மனசுல பட்டதை மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்கன்னு நம்பிக்கை. கடைசி நாள் அந்த டேப்லெட்டே கேக்கும், 'இந்த ஏஐ உங்களுக்கு வேணுமா'ன்னு. நட்சத்திரத்தைத் தொடணும். யார் வீடுன்னு எங்களுக்குத் தெரியாது, பேர் வராது. பதினோரு வீட்ல அஞ்சுக்கு அஞ்சு.

– பின்ன? யார் பண்ணது!

– ஒரு வீட்ல மட்டும் ஒத்தை நட்சத்திரம்.

– ம்ம்.

– மறுபடி ஊசியா?

– கைவேலை இருக்குல்ல. நீ பேசு.

– நட்சத்திரத்துக்குக் கீழ எழுதியும் இருந்தாங்க. 'பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை எழுத உக்காந்தா அதுவே எழுதி முடிச்சுடுது. எழுதினது நல்லாத்தான் இருக்கு. நான் சொல்ல வந்தது அது இல்ல. ஒரு படம் திறக்க யுகமாகுது. தொட்டதைத் திறக்கற பொட்டி குடுங்க, போதும்.'

– மனப்பாடமாவா வச்சிருக்கே?

– ஆபீஸ் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அதைத்தான் படிச்சேன். ரெண்டு வருஷத்துல என் வேலையை அப்படித் திட்டினவங்க யாரும் இல்லம்மா. அவ்வளவு கவனமா பாத்தவங்களும் யாரும் இல்ல.

– ஏதோ வயித்தெரிச்சல்ல எழுதினதா இருக்கும்.

– அந்தப் பயம் எனக்கும் வந்துடுச்சு. பதினோரு வீடு ஒரு பக்கம், ஒத்தை வீடு ஒரு பக்கம். இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் மனசு மாறினா சொல்லுன்னு மேலதிகாரி சொல்லியிருக்கார். ஒரு போன் போட்டா ஏஐ திரும்ப உள்ள போயிடும்.

– இப்ப மணி என்ன?

– அஞ்சரை.

– அக்கா! எங்க வீட்டுக்காரர் பேன்ட்டு மடிச்சுத் தச்சாச்சா? அடடே, பாப்பா! திரும்பு, திரும்பு. யம்மாடி, நீதிபதி கணக்கா இல்ல இருக்கே!

– வாங்க, மாடி வீட்டு அத்தை.

– பேன்ட்டு இன்னும் ஆகல மாடி வீட்டம்மா. நாளைக்கு வாங்க.

– நாளைக்கு வராம இருப்பேனா? முதல் வரிசை எனக்குத்தான். பாப்பா, நட்சத்திரம் எல்லாம் ஆபீஸுக்கு வந்து சேந்துச்சா? எங்க வீட்டுக்காரர் அந்தப் பொட்டியைத் திறந்தே பாக்கல. ஆனா கடைசி நாள் கரெக்டா அஞ்சு குத்திட்டார்!

– திறந்தே பாக்கலையா?

– மாடி வீட்டம்மா, உங்க வீட்ல ஏதோ தீயற வாசனை வருது, போய்ப் பாருங்க.

– நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே! உங்கம்மாதான் பாப்பா, வீடு வீடா வந்து 'என் பொண்ணு பண்ணது, அஞ்சுக்குக் குறையக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. லாண்டரிக்காரர் குத்தி முடிக்கற வரைக்கும் அவர் கடை வாசலை விட்டு நகரலையாம்!

– அம்மா?

– ம்ம்ம்.

– ஐயையோ, சொல்லக்கூடாதோ? நான் வரேன்கா. பேன்ட்டு மெதுவா ஆகட்டும், ஒண்ணும் அவசரமில்ல.

– அம்மா, ஊசியை எடு வாயிலேருந்து.

– வாயில ஊசி இல்ல.

– வீடு வீடா போனியா?

– போனேன். உன்னைப் பெத்தவ போகாம வேற யார் போவா? என் பொண்ணுக்கு நாலு பேர் முன்னாடி மார்க்கு குறைஞ்சா பாத்துட்டு நிப்பேனா?

– அது எனக்குப் போடற மார்க்கு இல்ல. பொட்டிக்கு.

– எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

– கூட்டத்துல கேட்டாங்க, 'பதினோரு வீடு வேணும்னு சொல்றப்ப எதுக்கு எடுக்கணும்'னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அது நான் பொறந்த தெரு. செங்கல்லைத் துணில சுத்திக் குடுத்தாலும் எனக்காக அஞ்சு குத்துவாங்க'ன்னு.

– அப்படியா சொன்னே?

– எல்லாரும் சிரிச்சாங்க.

– சிரிக்கட்டும். அவங்க தெருவுல குத்துவாங்களா, கேட்டுப் பாரு.

– விளையாட்டுக்குச் சொன்னது நிஜமாப் போச்சும்மா. பதினொண்ணும் செங்கல்லுக்குக் குத்தினதுதான். மிச்சம் அந்த ஒண்ணு. அதுவும் நீ சொன்ன மாதிரி வயித்தெரிச்சல்ல குத்தினதா இருந்தா? இருபது பேர் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கோம். எங்க டீம்ல ஒரு பையன் இதுக்காகத் தன் கல்யாணத்தையே தள்ளி வச்சான். முகம் தெரியாத ஒருத்தர் வார்த்தையை நம்பி அதைத் தூக்கிப் போட்டுட்டு, எந்தத் தைரியத்துல மேடை ஏறுவேன்? போனைக் குடு.

– எதுக்கு?

– மேலதிகாரிக்குப் பேசணும். பழையபடி உள்ள வச்சுடட்டும்.

– வேணாம்.

– நீதானே மூளை வேணும்னு இவ்வளவு நேரம் சண்டை போட்டே!

– போட்டேன். உன் வேலையை யார் குறை சொன்னாலும் போடுவேன். நீயே சொன்னாலும் போடுவேன்.

– போனை விடும்மா. மணி ஆகுது.

– அது வயித்தெரிச்சல் இல்லடி.

– உனக்கு எப்படித் தெரியும்? யாருன்னு தெரியுமா? பல் டாக்டரா?

– தெரு பூரா அஞ்சு குத்தச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து என் பொட்டியைத் திறந்தேன். அஞ்சாவதுகிட்ட விரலைக் கொண்டு போனேன், வரல. உனக்காக ஊர்கிட்ட எத்தனை பொய் வேணும்னாலும் சொல்லுவேன், உன்கிட்டயே எப்படிடி சொல்லுவேன்? அந்த ஒத்தை நட்சத்திரம் நான் குத்தினது.