எந்தப் பேர்ல சாப்பிடுற?

அண்ணன்: ...வந்துருச்சா கையில? கடைக்கு சாயங்காலக் கூட்டம் வர்றதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிக்கணும்.

தங்கை: வரிசையில நிக்கிறேண்ணா. நீ ஆரம்பி.

அண்ணன்: நல்லா இருக்கே. நீ வெளிநாடு போனதுலேருந்து வெள்ளிக்கிழமை போன்ல சேர்ந்துதான் சாப்பிடுறோம். இன்னைக்கு மட்டும் நான் தனியா மெல்லணுமா?

தங்கை: கறி சீவியாச்சா?

அண்ணன்: சீவி, ரொட்டியில சுருட்டியாச்சு. உன் அண்ணி கல்லாவுல இருக்கா. அது சரி, இப்ப எந்தப் பேர்ல சாப்பிடுற? நம்ம ஷவர்மாவை முதல்ல போன நாட்டுல கைரோன்னு சொன்ன...

தங்கை: உள்ள உருளைக்கிழங்கு வறுவல் வேற வைப்பாங்க.

அண்ணன்: அடுத்த நாட்டுல டோனர். கோஸைத் திணிப்பாங்க. எப்படியோ, கம்பியில சுத்துறது கறிதானே?

தங்கை: சொல்லுவ. பேரை மாத்திக் கேட்டா முழிப்பாங்க.

அண்ணன்: தெரியும். ஷவர்மான்னு கேட்டுக் கேட்டு நீ பட்டினி கிடந்த கதையைத்தான் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்.

தங்கை: மானத்தை வாங்காத... இரு, என் முறை. ஒரு ஷவர்மா குடுங்க. பூண்டு தூக்கலா.

அண்ணன்: ...

தங்கை: என்ன, சத்தத்தையே காணோம்?

அண்ணன்: வாயில இருக்கு. கடைக்காரர் நம்ம பாஷையா?

தங்கை: ம்... நம்ம ஊர்க்காரர். புதுசா போட்டிருக்கார்.

அண்ணன்: அந்த ஊர்ல போயி ஷவர்மான்னா விக்கிறார்? ஈ ஓட்டப் போறார், பாவம்.

தங்கை: எவ்வளவுங்க? இந்தாங்க.

அண்ணன்: பின்னால ஹாரன் காதைக் கிழிக்குது. அங்க ஹாரன் அடிச்சாலே அபராதம்னு சொல்லுவியே.

தங்கை: அண்ணா...

அண்ணன்: சொல்லு.

தங்கை: வேலை போச்சுண்ணா. நாட்டுக்கே திரும்பி வந்துட்டேன். ஏர்போர்ட்டுலேருந்து வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.

அண்ணன்: எந்த பஸ்ல ஏறப் போற?

தங்கை: தெரியல. சொந்தக் கடை வச்சுட்டுத்தான் வீட்டுப் படி மிதிப்பேன்னு உன்கிட்டயே சவால் விட்டுட்டுப் போனவ நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது? ஃபிரெண்டு ஒருத்தி வேற ஊர்ல இருக்கா, அங்க போயிடலாம்னு...

அண்ணன்: அங்க பூண்டு தூக்கலா யார் போடுவா உனக்கு?

தங்கை: விளையாடாதண்ணா. அழுகையா வருது.

அண்ணன்: உன்கூட வேலை பார்த்த பொண்ணு முந்தாநாளே அண்ணிக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா.

தங்கை: தெரிஞ்சுமா என்னைப் பேச விட்ட?

அண்ணன்: நீயா வாயைத் திறப்பியான்னு பார்த்தேன். நான் இன்னும் ஒரு கடிகூடக் கடிக்கல, வாயில இருக்குன்னு சொன்னது பொய். ரெண்டு சுருட்டி எதிர்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அண்ணி காலையிலேயே உன் ரூமைக் கூட்டிட்டா. நம்ம ஊர் பஸ்ல ஏறு.