கலையாத மண் வரும்வரை

காப்பி நன்றாக இருக்கிறது, டுவேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல். உன்னைச் சீருடையில் பார்ப்பது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது. என் தடயவியல் வகுப்பில் நீ சுமார்தான். கைரேகை எடுக்கச் சொன்னால் மையை முழங்கைவரை பூசிக்கொள்வாய். ஆனாலும் ஷெரிஃப் அலுவலகம்வரை வந்துவிட்டாய்.

பன்றிப் பாடத்தை நீ மறந்திருக்கமாட்டாய். அக்டோபரில், தரை உறைந்து இறுகுவதற்கு முன், பண்ணையில் செத்த பன்றி ஒன்றை மைதானத்துக்குப் பின்னால் புதைப்போம். பனியெல்லாம் கரைந்து மே மாதம் வந்ததும் மாணவர்களே தோண்டுவார்கள். நூல் கட்டிக் கட்டம் பிரித்து, சிறு கரண்டியால் சுரண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து. எலும்பு கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள், இதுவரை யாரும் தோண்டாத, கலையாத மண் வரும்வரை தோண்டுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன்.

அந்தப் பாடத்தைத்தான் மார்லிஸ் நிறுத்தப் பார்த்தாள். பள்ளிக் குழுவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, பச்சைக் கோட்டுப் பையில் கைவிட்டபடி வந்து நின்றாள்.

"செத்ததத் தோண்டிப் பாக்கறதெல்லாம் ஒரு பாடமா? பசங்க ராத்திரி தூங்க மாட்டேங்குதாம். பெத்தவங்க என்னயப் புடிச்சுக் கேக்கறாங்க."

"உங்க பொண்ணு சிக்னிக்கு இதுதான் ரொம்பப் புடிச்ச வகுப்பு."

"அதான் பயமே. திங்கக்கிழமை கூட்டத்துல இதுக்கு முடிவு கட்டப்போறேன்."

அவள் திரும்பி நடந்தாள். மண்வெட்டி என் கையில் இருந்தது. அதை நான் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான். கோபம் என்று எழுதிக்கொள்ளாதே. எனக்குக் கோபம் வருவதில்லை. இருபது பிள்ளைகளின் படிப்பா, ஒருத்தியின் பிடிவாதமா என்று யோசித்தேன். பிறகு, எதையும் ஊகிக்காதே என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, விழுந்து கிடந்தவளின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். குழியை இன்னும் ஆழமாக்கி அவளை இறக்கி, மேலே பன்றிக்கு இடம் விட்டு மூடினேன். அவளுடைய காரைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன்.

சிக்னி அந்த வாரக்கடைசி அப்பா வீட்டில் இருந்தாள். அவளுடைய பெற்றோர் பிரிந்தது உனக்குத் தெரியும். அம்மா தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நம்பி, திங்கட்கிழமை எல்லோரோடும் சேர்ந்து பன்றியைக் குழியில் இறக்கினாள். மண் தள்ளியதும் பூட்ஸ் காலால் மிதித்துச் சமன் செய்தாள். நன்றாக மிதிக்கச் சொன்னது நான்தான். நரி தோண்டிவிடும் அல்லவா.

அப்புறம் மார்லிஸைத் தேடி நீ மோப்ப நாயோடு வந்தாய். நாய் நேராக அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சார், உங்க பன்னி வாசம் இவனுக்குப் பசியக் கெளப்பிடுச்சு!" என்று சொல்லி அதை இழுத்துக்கொண்டு போனாய். மோப்ப நாய் உட்கார்ந்தால் தேடியது கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றே உன்னைத் திருத்தியிருக்க வேண்டும். வாத்தியார் புத்தி, வாய்வரை வந்துவிட்டது.

ஊர் சிக்னியின் அப்பாவைச் சந்தேகப்பட்டது. கடைத்தெருவில் அவனைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். சிக்னி ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். "அப்பா செய்யல சார். அம்மாவ நானே கண்டுபிடிப்பேன். எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுங்க." சொல்லிக்கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன். இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் மூச்சுக்குழாய் ஒன்றை வாங்கிவந்து, வகுப்பில் அறுத்துக் காட்டி, புதைத்த உடலில் இதற்குள் மண் இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள்தான் முதலில் கை தூக்கினாள். "பொதைக்கும்போது மூச்சு இருந்திருக்கு சார்."

மே மாதம் பன்றியின் எலும்புகளை எடுத்து அடுக்கிவிட்டு மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். சிக்னி மட்டும் குழியில் இருந்தாள். "என்ன சிக்னி, பன்னியோட சொந்தக்காரங்க கீழ இருக்காங்களா?" என்று ஒரு பையன் சீண்டினான்.

"சார், கீழயும் கறுப்பு மண்ணும் மஞ்ச மண்ணும் கலந்தே இருக்கு. கலையாத மண்ணு இன்னும் வரல."

"போதும்மா. மணி அடிக்கப்போகுது."

"மணிக்காக நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் நினைத்திருந்தால் அவளைக் கையைப் பிடித்து மேலே தூக்கியிருக்கலாம். ஆனால் அவள் மண்ணை வழித்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கை எனக்கு வாய்த்ததில்லை. முதலில் பச்சைத் துணி தெரிந்தது. அவள் கத்தவில்லை. பக்கத்தில் சின்னக் கொடியைக் குத்தினாள். "எல்லாரும் பின்னால போங்க. போட்டோ எடுக்கறவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க." எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வரிசை. அதற்குப் பிறகுதான் அது யாருடைய கோட்டு என்று அவளுக்குப் புரிந்தது. அப்போது அவளிடமிருந்து வந்த சத்தத்தைப் பற்றி நான் பேசமாட்டேன்.

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்ததாகச் சொன்னேன். என்ன தெரிந்தது என்று நீ கேட்கவில்லை. அப்போதும் நீ இப்படித்தான், பாதிக் கேள்வியோடு நிறுத்திவிடுவாய். நாடி இருந்தது, டுவேன். மெலிதாக, ஆனால் ஒழுங்காக. பிரேதப் பரிசோதனை அறிக்கை வரட்டும், மூச்சுக்குழாயைப் பற்றி ஒரு வரி இருக்கும்.

அந்த வரியைச் சிக்னியிடம் காட்டாதே. உனக்குச் சொல்வதுபோல் அவளுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லவேண்டியிருக்காது. அந்தக் கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.