பதினேழாம் நம்பர் ரத்தம்

– அத்தர் எதுக்குங்க? வர்றது மாட்டாஸ்பத்திரி ஜூடித் டாக்டரம்மா. மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?

– நல்ல சேதி சொல்ல வர்றவங்க முன்னாடி குதிரை லத்தி நாத்தத்தோட நிக்கச் சொல்றியா, பாத்திமுத்து?

– நம்ம நிக்காவுக்கே நீங்க லத்தி நாத்தத்தோடதான் வந்து உக்காந்தீங்க. எங்கம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. இருவத்திரண்டு வருசமாச்சு, எனக்குப் பழகிருச்சு. அந்தம்மாவுக்கும் பழகியிருக்கும்.

– அன்னிக்கு ஒரு குதிரைக்கு வயித்து வலி. அதை அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியா?

– குதிரைக்கு வயித்து வலின்னா நிக்காவுக்கே லேட்டா வருவீங்க. எனக்கு வயித்து வலின்னா, ஓமத்தண்ணி குடின்னு சொல்லிட்டு ஏரிக்குப் போயிருவீங்க.

– ஏரிக்குப் போயித்தான் இருவத்தஞ்சு நாளாச்சே.

– அதைத்தான் கேக்கறேன். ஏரிக்கரையில டூரிஸ்ட் சவாரி நின்னு இருவத்தஞ்சு நாளு. குதிரைங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ண ஹரியானாவுக்கு அனுப்பிட்டு, ரிசல்ட் என்ன வருமோன்னு குதிரைக்காரங்க அத்தனை பேரும் சோறு எறங்காம கெடக்கறாங்க. பக்கத்து ஊட்டு நாச்சிமுத்து அண்ணன், குதிரை தப்பிச்சா மாரியம்மனுக்குக் கெடா வெட்டறேன்னு வேண்டியிருக்காரு. நீங்க மட்டும் அத்தர் பூசிட்டு, உங்க குதிரை சாந்தினிக்குப் பிடரியில சடை பின்னிட்டு உக்காந்திருக்கீங்க.

– என் சாந்தினிக்கு ஒண்ணும் இருக்காது.

– அது எப்படித் தெரியும்? ரத்தம் எடுக்க வந்த அன்னிக்கு அதுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. டாக்டரம்மா ஏரிக்கரையில எல்லாரையும் நிக்க வெச்சு எவ்வளவு வெளக்கமாச் சொன்னாங்க. கிளாண்டர்ஸ் நோய் வந்தா மூக்கு ஒழுகும், தோல்ல கட்டி கட்டியா வரும், குதிரைக்கு வைத்தியமே பண்ண மாட்டோம், ஊசி போட்டு முடிச்சிருவோம்னு. நீங்க எதையும் காதுல வாங்காம, இது கிராம் நெகட்டிவ் கிருமின்னு அவங்க சொன்னதும், நெகட்டிவ்னா நல்லதுதானுங்களேன்னு கேட்டீங்க. கடலை விக்கிறவங்கூடச் சிரிச்சான்.

– சிரிக்கட்டும். கிட்ட வா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

– நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்? இந்த ஊட்டுல நீங்க பேசறதே சாந்தினிகிட்டத்தான்.

– அன்னிக்கு ரத்தம் குடுத்தது சாந்தினி இல்லை.

– பின்ன நீங்களா?

– வெளையாடாத, புள்ள. உன் தம்பி ஃபாரூக் லாடம் அடிக்க மசினகுடியில இருந்து அவன் குதிரை ஜூலியக் கொண்டாந்திருந்தான்ல? ரெண்டும் ஒரு தாய் வயித்துக் குட்டிங்க. அதே நெறம், அதே நெத்திச் சுட்டி. சாந்தினியப் பின்னாடி கொட்டாயில கட்டிட்டு, அதோட பதினேழாம் நம்பர் பட்டையை ஜூலி கழுத்துல மாட்டி நிறுத்திட்டேன்.

– ஃபாரூக்குக்குத் தெரியுமா?

– கயித்தைப் பிடிச்சுட்டு நின்னதே அவன்தான். மச்சான், என் ஜூலி ஒடம்புல ஓடறது ரேஸ் குதிரை ரத்தம்னு பெருமை வேற.

– முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் முழுக் குதிரையையே மறைச்சுட்டீங்க.

– மழையில நனைஞ்ச சளிக்கு என் புள்ளைய ஊசி போட்டுக் கொன்னுட்டாங்கன்னா? நாலே நாள்ல நின்னுருச்சே, நீயும் பார்த்தியே. அன்னிக்கு நெசமாவே பயந்துட்டேன், பாத்திமுத்து.

– தெரியுது. நம்ம மக ஷமா பொறந்தப்பக்கூட நீங்க இப்படிப் பயப்படல. சரி சரி, ஜீப் வந்துருச்சு. மூஞ்சியத் தொடைங்க.

– வாங்க டாக்டரம்மா, வாங்க. டீ போடச் சொல்லட்டுங்களா?

– அப்புறம் குடிக்கறேன், ஜலாலுதீன் பாய். நீங்க முதல்ல உக்காருங்க.

– பரவால்லீங்க, நல்ல சேதியை நின்னுக்கிட்டே கேக்கறேனுங்க.

– நாப்பத்திரண்டு குதிரைக்கும் ரிசல்ட் வந்துருச்சு, பாய். நாப்பத்தொண்ணுல ஒண்ணுமில்லை. உங்க பதினேழாம் நம்பருக்குத்தான் கிளாண்டர்ஸ் இருக்கு.

– அது... அப்படி இருக்காதுங்களே, டாக்டரம்மா.

– ரெண்டு விதமா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டாங்க, பாய். எனக்கும் மனசு கேக்கலை. சாந்தினிய நீங்க எப்படி வளர்த்தீங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில வர்றோம். வலி தெரியாம நானே பார்த்துக்கறேன். ஒரு கையெழுத்து வேணும், ஜீப்ல ஃபாரம் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

– ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? அவங்க வந்ததும் உள்ளதைச் சொல்லிருங்க. வேற ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். சாந்தினி பொழைச்சுக்கும்.

– சொன்னா ஜூலியக் கொல்லுவாங்க. உன் தம்பிக்கு இருக்கறது அது ஒண்ணுதான். எனக்கு ஒத்தாசை பண்ணப் போயி அவன் பொழப்புல மண்ணு விழணுமா?

– அதுக்காகச் சாந்தினியக் குடுக்கறீங்களா? ஊருக்கே தெரியும், என்னையக் குடுத்தாலும் அதைக் குடுக்க மாட்டீங்க.

– குடுத்துட்டு நான் அழுதுக்கறேன். அந்தம்மா வர்றாங்க, பேசாம இரு.

– இந்தாங்க பாய், இந்த எடத்துல போடுங்க. பாத்திமுத்தக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது மனுசங்களுக்கும் தொத்தும். குதிரையத் தேய்ச்சு விடறவங்க, மூக்கைத் தொடைச்சு விடறவங்க, அவங்களுக்குத்தான் மொதல்ல வரும். யாருக்காச்சும் காய்ச்சல், இருமல் இருக்கா?

– வந்தா என்னங்க ஆகும், டாக்டரம்மா?

– சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து குடுத்துக் காப்பாத்திரலாம்க்கா. சும்மா காய்ச்சல்தானேன்னு விட்டுட்டா, ஆளு தப்பறது கஷ்டம்.

– இந்த ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க, டாக்டரம்மா. பேனாவைக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்.

– நீங்க போட வேண்டாம், விடுங்க. டாக்டரம்மா, அது இவர் குதிரையோட ரத்தம் இல்லீங்க. என் தம்பி ஃபாரூக் குதிரையோடது. காலையிலதான் அவன் பொண்டாட்டி போன் பண்ணுனா, ஒம்பது நாளா அவன் காய்ச்சல்ல கெடக்கறானாம்.