சிவப்பை நிறுத்தி வைக்கிற வேலை

ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற பஸ். அண்ணன் இறந்ததிலிருந்து நான் யாரோடும் பேசுவதில்லை, காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டே போவேன். முன் சீட்டில் ஒரு அம்மாவும் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற மகளும்.

“முந்திப் போற சிவப்பை நிறுத்தி வெக்கோணும். அதுதானுங்கம்மா என்னோட வேலை” என்றாள் மகள்.

“எந்தச் சிவப்பு?”

“லேசர் வெளிச்சமுங்க. ஒரு நொடியக் கோடி கோடியா உடைச்சா வர்ற துண்டு நேரந்தான் அது இருக்கும். மெல்லிசான கண்ணாடி இழைக்குள்ள உட்டா, அதோட உக்கிரத்துக்கே புதுப்புது நிறம் பொறக்கும். ஆனா சிவப்பு முந்திக்கும், நீலம் பிந்திக்கும், வெளிச்சம் இழுபட்டுப் போயிரும். மொகம் பாக்கற கண்ணாடியாட்ட ஒண்ணு வெச்சு, சிவப்பைத் தாமசப்படுத்தி, நீலம் வந்ததும் ஒண்ணாச் சேத்து உடுவோம். அப்ப அது இருக்கற நேரம் முன்னைக்கும் சின்னதாயிரும்.”

“ஓடி வர்றவங்களுக்கு விசிலடிச்சு பஸ்ஸ நிறுத்தற கண்டக்டர் வேலையாட்ட இருக்குது” என்றார் அம்மா.

மகள் சிரிக்கவில்லை.

“அப்பாவ மட்டும் எனக்கோசரம் யாரும் நிறுத்தி வெக்கலையே. குன்னூர் தாண்டிட்டேன்னு போன் பண்ணுனனே. வந்து பாத்தா எடுத்துட்டுப் போயிருந்தாங்க. மொகங்கூடப் பாக்கலீங்கம்மா.”

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“மழை வலுக்குதுன்னு உங்க பெரியப்பா எடுக்கச் சொல்லிட்டாரு. நான் இருங்கன்னு சொன்னேன் கண்ணு.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். சத்தமாச் சொல்லலை.”